கறுப்பு வெள்ளைப் பக்கம் எது என்று முன்கூட்டியே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முள்ளியவளையில் சின்னதாக ஒரு ஸ்ரூடியோ வைத்திருக்கிறோம். கலியாண வீடு, சாமத்திய வீடு என்று கமராவைத் தூக்கிக்கொண்டு போவது கணவர். கடையில் இருந்து கம்பியூட்டர் வேலை பார்ப்பது நான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கலியாண அல்பத்தைவிட எங்களுக்கு அதிகம் வருவது செத்தவீட்டு வேலைதான். மரண அறிவித்தல், எட்டுக்கு மாலை போட்டு வைக்கிற பெரிய படம், அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம், ஆண்டுத் திவசத்துக்குப் பத்திரிகை விளம்பரம். உங்கள் பத்திரிகையில் வந்த நினைவஞ்சலிப் படங்களில் சில என் கையால் போனவை. அந்த உரிமையோடுதான் எழுதுகிறேன்.

விசயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஓர் அம்மா காலமானார். அவருக்கென்று தனியாக எடுத்த படம் இல்லை. எங்கள் பக்கத்தில் பல தாய்மாருக்கு இதே கதைதான். யாருடையதோ கலியாணப் படத்தின் ஓரத்தில் நிற்பவரை வெட்டி எடுத்துத்தான் நினைவஞ்சலி போட வேண்டியிருக்கும். அந்த அம்மாவும் அப்படித்தான் கிடைத்தார். செங்கல் நிறச் சீலை, மாநிறத்துக்கும் கொஞ்சம் கறுத்த முகம், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கலரில் நல்ல படம். முப்பத்தோராம் நாள் விளம்பரத்துக்கு அதை அப்படியே கலரில் முகவரிடம் கொடுத்தோம். உட்பக்கத்தில், கறுப்பு வெள்ளையில் வந்தது. முகம் எங்கே முடிகிறது, சீலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரே சாம்பல். அதன் நடுவில் பொட்டு மட்டும் கறுப்பாக நின்றது.

மகள் பத்திரிகையோடு கடைக்கு வந்தார். "தங்கச்சி, இது அம்மாவோ, அடுப்புச் சாம்பலோ?" என்றார். நான் பழியை உங்கள் பக்கம் தள்ளிவிட்டுத் தப்பிக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஆண்டுத் திவச விளம்பரம். இந்த முறை விடக்கூடாது என்று நானே கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கொடுத்தேன். முகம் பளிச்சென்று வந்தது. சீலை தனியாகத் தெரிந்தது. திருப்தியோடு அனுப்பினேன். பத்திரிகை வந்த அன்று காலை அதே அக்கா கடை வாசலில் நின்றார். இந்த முறை கோபம் இல்லை, அழுகை. "அம்மா பொட்டோட போனவ, தங்கச்சி. அப்பா இன்னும் இருக்கிறார். நீங்கள் பொட்டை அழிச்சுப் போட்டீங்கள்."

பார்த்தேன். நெற்றியில் பொட்டு இல்லை. நான் அழிக்கவில்லை, தூரிகையைத் தொடவே இல்லை. ஆனாலும் அழித்தது நான்தான்.

எப்படி என்று சொல்கிறேன். உங்கள் பக்க வடிவமைப்பாளர்களுக்கும் பயன்படலாம்.

கலர்ப் படம் என்று நாம் பார்ப்பது உண்மையில் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒன்று சிவப்பு வெளிச்சம் எங்கே எவ்வளவு இருந்தது என்று சொல்லும், மற்றது பச்சையை, அடுத்தது நீலத்தை. போட்டோஷொப்பில் இவற்றுக்குப் பெயர் சனல். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு சனலிலும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். இது கம்பியூட்டர்காரர் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. 1861 இலேயே மக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி ஒரு ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் ஊடாக மூன்று தடவை கறுப்பு வெள்ளையில் எடுப்பித்து, அதே நிற வெளிச்சங்களால் ஒரே திரையில் விழுத்திக் கலராகக் காட்டியிருக்கிறார்.

மூன்றை ஒன்றாக்கினால்தான் கறுப்பு வெள்ளை. எந்தச் சனலில் எவ்வளவு எடுப்பது என்பதுதான் கேள்வி. ஒரு பொத்தானை அமத்தி மாற்றும்போது பல மென்பொருள்கள் ஏறத்தாழ சிவப்பில் 30, பச்சையில் 59, நீலத்தில் 11 வீதம் என்று எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் 1953 இல் கலர் டிவிக்கு விதி வகுத்தபோது, வீடுகளில் ஏற்கனவே இருந்த கறுப்பு வெள்ளை டிவியிலும் படம் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று போட்ட கணக்கு அது. மனிதக் கண்ணுக்குப் பச்சைதான் வெளிச்சமாகத் தெரியும் என்பதால் பச்சைக்குப் பெரும் பங்கு. பொதுவாக நல்ல கணக்குத்தான். ஆனால் செங்கல் நிறச் சீலை உடுத்த எங்கள் அம்மாவை நினைத்துப் போட்ட கணக்கு இல்லை.

அந்தப் படத்தில் நான் அளந்து பார்த்த எண்கள் இவை. முகம்: சிவப்பு 150, பச்சை 105, நீலம் 85. சீலை: 210, 75, 50. பொட்டு: 155, 25, 35. இனி நீங்களே பெருக்கிப் பாருங்கள். 30, 59, 11 கணக்கில் முகம் 116 வரும், சீலை 113 வரும். கலரில் பார்த்தால் மண்ணும் வானமும் போல வேறாக இருந்த இரண்டும் மூன்றே மூன்று எண் வித்தியாசத்துக்குள் வந்து விழுந்துவிட்டன. பொட்டு 65, அதனால் அது மட்டும் தப்பியது. அதோடு பத்திரிகைத் தாளில் மை ஊறிப் பரவும், நடுச் சாம்பல் எல்லாம் இன்னும் கறுக்கும். அதுதான் முப்பத்தோராம் நாள் படம்.

என்னுடைய ஆண்டுத் திவசப் படத்துக்கு நான் சனல் மிக்ஸரைத் திறந்து (எந்தச் சனலில் எவ்வளவு என்று நாமே வைக்கிற இடம் அது), 'மொனோக்குரோம்', அதாவது கறுப்பு வெள்ளை, என்பதற்குச் சரி போட்டு, சிவப்பை 100 ஆக்கி, மற்ற இரண்டையும் 0 ஆக்கினேன். தோல் யாருடையதாக இருந்தாலும் சிவப்பைத்தான் அதிகம் திருப்பி அனுப்பும். அதனால் சிவப்புச் சனலில் முகம் எப்போதும் தெளிவாக இருக்கும், பருவும் தழும்பும் மங்கிவிடும். முகம் 150, சீலை 210. அருமை. பொட்டு? 155. முகம் 150, பொட்டு 155. குங்குமமும் சிவப்புத்தானே, சிவப்பு வெளிச்சத்தில் அது நெற்றியோடு நெற்றியாகிவிட்டது. பத்திரிகை போட்ட படத்தில் பொட்டு இருந்தது, அம்மா இல்லை. நான் போட்ட படத்தில் அம்மா இருந்தார், பொட்டு இல்லை.

என் அப்பா இருந்திருந்தால் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார். அவர் இருட்டறையில் வேலை பழகியவர். இருட்டறையில் சிவப்பு பல்ப் எரியும்; பிரிண்ட் போடுகிற கறுப்பு வெள்ளைப் பேப்பருக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது என்பதால்தான் அது சிவப்பு. "இந்தப் பேப்பருக்குச் சிவப்பில குருடு பிள்ளை" என்பார். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் படம் எடுக்கப் போனால் லென்சுக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடி ஒன்றை மாட்டுவார். மஞ்சள் நீலத்தை விடாது, வானம் கறுக்கும், முகில் எழும்பி நிற்கும். நான் இன்று நீலச் சனலைக் குறைத்துச் செய்வது அவர் அன்று கண்ணாடியால் செய்ததுதான். வித்தியாசம், அவர் படம் எடுக்க முன்னமே தீர்மானிக்க வேண்டும், எனக்குப் பிறகும் நேரம் இருக்கிறது. நேரம் இருந்தும் நெற்றியைப் பார்க்கவில்லை, அதுதான் வெட்கம்.

அந்தப் படத்தைத் திரும்பச் செய்தேன். பச்சை மட்டும் எடுத்தால் பொட்டு 25, சீலை 75, முகம் 105. எல்லாம் பிரிந்து தெரியும், ஆனால் முகம் இன்னும் கறுத்து, கன்னத்துப் புள்ளி ஒவ்வொன்றும் எழும்பி, அம்மாவுக்குப் பத்து வயது கூடிவிட்டது. சிவப்பு 40, பச்சை 60 என்று வைத்தேன். பொட்டு நல்லாய் நின்றது, ஆனால் முகம் 123, சீலை 129. பழையபடி சீலை முகத்தை விழுங்கப் பார்த்தது. கடைசியில் சிவப்பு 60, பச்சை 40, நீலம் 0. முகம் 132, சீலை 156, பொட்டு 103. மூன்றும் மூன்றாக நின்றன. மூன்று சனலுக்கும் வைக்கிற வீதங்களின் கூட்டுத்தொகை நூறாக இருந்தால் படத்தின் மொத்த வெளிச்சம் பெரிதாக மாறாது, அதையும் கவனித்துக்கொண்டேன். காசு வாங்காமல் பிரேம் போட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

எங்கள் கடைக்கு வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "உள்ளதை உள்ளபடி போட்டால் என்ன? நீங்கள் கை வைக்கிறதாலதான் பிரச்சினை" என்றார். மரியாதைக்கு நான் அப்போது பேசவில்லை. இங்கே சொல்கிறேன்: கறுப்பு வெள்ளையில் 'உள்ளபடி' என்று ஒன்று இல்லை, சேர். யாரோ ஒருவர் மூன்றில் எதற்கு எவ்வளவு என்று தீர்மானித்தே ஆக வேண்டும். பொத்தானை மட்டும் அமத்தினால், தீர்மானம் டிவிக் கணக்குப் போட்டவருடையது. நான் எண்ணை மாற்றினால், என்னுடையது.

(இதை 'வெள்ளையாக்குவது' என்று நினைத்துக்கொண்டு கலியாணப் பொம்பிளையின் படத்தோடு யாரும் வர வேண்டாம். "கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்கோ" என்று கேட்கிற தாய்மாரோடு நான் படும் பாடு தனிக் கடிதம்.)

இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் கலரே போகக்கூடாது என்று கேட்டார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கியது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் கடைக்கும் மகனின் படத்தோடு தாய்மார் வரத் தொடங்கினார்கள், பெரிதாக்கி லமினேட் பண்ண. ஒருவர் கொண்டுவந்தது மகனின் தபால் அடையாள அட்டை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு பையன். தோளில் தொடங்கிக் கன்னம் வரை நீல மை சீல் ஒன்று ஏறியிருந்தது. அந்தச் சீல் அடையாளத்தை எடுக்க வேண்டுமென்றால் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது எனக்கு லேசு. நீலச் சனலில் நீல மை வெளிச்சமாகத்தான் விழும், பாதி வேலை தானாக முடியும். அந்தத் தாய் சம்மதிக்கவில்லை. "கறுப்பு வெள்ளையாக்கிப் போடாதேயம்மா. அது செத்தாக்களுக்குப் போடுறது."

கலரிலேயே செய்தேன். வெள்ளைச் சட்டை என்றால் மூன்று சனலிலும் ஏறத்தாழ ஒரே எண். சீல் கெடுத்தது சிவப்பையும் பச்சையையும்தான்; நீலச் சனலில் சட்டை கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தது. ஆகவே சட்டைப் பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு, சனல் மிக்ஸரில் சிவப்பு வெளியீட்டுக்கு நீலம் 100, பச்சை வெளியீட்டுக்கும் நீலம் 100 என்று கொடுத்தேன், அதாவது கெட்டுப்போன இரண்டு சனலுக்கும் நீலச் சனலின் எண்ணையே வைத்தேன். சீல் போய், மடிப்புக் கலையாத சட்டை வந்தது, பொத்தான் ஓட்டை உட்பட. கன்னத்தில் இந்தத் தந்திரம் பலிக்காது, தோலின் மூன்று எண்களும் ஒன்றில்லையே. அங்கே மற்றக் கன்னத்தைப் பார்த்துப் பார்த்துக் கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு நாள் போனது.

பழைய படங்களும் இப்படித்தான். 2009 இல் இடம்பெயரும்போது வீட்டுக் கோடியில் பிஸ்கட் ரின்னில் தாட்டுவிட்டுப் போய், மீள்குடியேறி வந்து கிண்டி எடுத்த படங்கள் எத்தனையோ வீட்டில் இருக்கின்றன. மண் தண்ணீர் ஊறிய மஞ்சளும் செம்மஞ்சளுமான கறை. அந்தக் கறை நீலச் சனலில் கன்னங்கரேல் என்று தெரியும், சிவப்பில் பார்த்தால் பாதி மறைந்துவிடும். இதனால் ஒன்று கேட்கிறேன்: கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று அதைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கான் பண்ணிக் கொண்டுவராதீர்கள். படத்துக்கு நிறம் இல்லை, கறைக்கு நிறம் உண்டு. கலரில் ஸ்கான் பண்ணினால்தான் இரண்டையும் பிரிக்கலாம். அதே நேரம் எல்லாவற்றுக்கும் சிவப்பு மருந்தில்லை. 70களில், 80களில் அடித்த கலர்ப் படங்கள் பெட்டிக்குள் இருந்தே செக்கச்செவேல் என்று ஆகிவிடும். அவற்றில் மங்குவது நீலப்பச்சைச் சாயம், சிவப்புச் சனலுக்குப் படம் கொடுப்பதே அந்தச் சாயம்தான். அந்தச் சனலைத் திறந்தால் வெளிறிப்போய்க் கிடக்கும். முகம் பச்சையில்தான் இருக்கும்.

வட்ஸ்அப்பில் வருகிற படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லண்டனில், கனடாவில் இருக்கும் பிள்ளைகள் அம்மாவின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அது சுருக்கும்போது வெளிச்சத்தை ஓரளவு காப்பாற்றி, நிறத்தைப் பெரும்பாலும் தியாகம் செய்துவிடும். கலராகப் பார்க்கும்போது தெரியாது. சனல்களைப் பிரித்தால் நீலத்தில் படம் இல்லை, சதுரம் சதுரமாகத் தளக்கல் பதித்திருக்கும். அனுப்புவதானால் 'டொக்கியுமென்ட்' என்பதைத் தெரிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காது. வட்ஸ்அப் படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் நீலத்தைத் தொடாமல் பச்சையைப் பெரிதாக நம்புவேன். கமராவுக்குள்ளேயே பச்சைக்குத்தான் செல்வாக்கு. 1976 இல் கொடக் நிறுவனத்தின் பிறைஸ் பேயர் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, வெளிச்சத்தை வாங்குகிற சென்சரில் நான்கு கட்டத்துக்கு இரண்டு பச்சை, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று.

போட்டோஷொப் வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு, ஜிம்ப் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அதிலும் இதே மிக்ஸர் உண்டு. எங்கள் கடையில் பழகுகிற தங்கச்சி அதில்தான் செய்கிறாள், குறை ஒன்றும் இல்லை.

இனி உங்களிடம் கேட்க வந்தது. விளம்பரம் எடுக்கும்போதே அது கலர்ப் பக்கமா, கறுப்பு வெள்ளைப் பக்கமா என்று உங்கள் முகவர் சொல்லிவிட்டால் போதும். கலருக்குக் கூடக் காசு என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் சனத்தில் பலருக்கு அது முடியாது, கறுப்பு வெள்ளைதான் போடுவார்கள். தெரிந்தால் நாங்கள் அதற்கேற்ற மாதிரிச் செய்து தருவோம். கலரில் வந்த படத்தைக் கடைசி நிமிடத்தில் நீங்கள் மாற்ற வேண்டி வந்தால், ஒரு பொத்தானோடு விடாமல் மிக்ஸரைத் திறந்து ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். முகமும் உடுப்பும் பிரிகிறதா, நெற்றியில் இருந்தது இருக்கிறதா என்று. ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் போதும். நாங்கள் சாம்பலில் செய்து அனுப்பினால் அதன்மேல் திரும்பவும் இருட்டையோ வெளிச்சத்தையோ கூட்ட வேண்டாம். உங்கள் தாளில் மை எவ்வளவு பரவும் என்று ஒரு மாதிரிப் படம் அச்சடித்து முகவர்களிடம் கொடுத்தால் இன்னும் நல்லது, நாங்கள் அதைப் பார்த்து முன்கூட்டியே வெளிச்சம் வைத்துத் தருவோம்.

அடுத்த மாதம் எங்களிடமிருந்து ஓர் ஆண்டுத் திவச விளம்பரம் வரும். பச்சைச் சீலை, சிவப்புக் கரை, பொட்டு, மூக்குத்தி. எந்தப் பக்கம் என்று இப்போதே கேட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்ரூடியோக்காரி,
முள்ளியவளை.